மூங்கில் தட்டிக்குப் பின்னால் கேட்ட ட்ரம்பெட்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதம் குற்றாலத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனியில் இரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். வீட்டிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதமாகப் போட்டதால் தென்காசிக்கே திரும்பி, தாலுகா ஆபீஸில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாவதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி, போலீஸ் விசாரணை. ஆள் எப்படி, யாரோடு சேருகிறான், சாயங்காலமானால் எங்கே போகிறான் என்று மஃப்டியில் ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதி அனுப்புவார். அவர் ஒரு வரி கோணலாக எழுதினால் போதும், நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி பம்பாய் ரயில் ஏற வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட நேரத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷம் ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவை எஸ்டேட் முதலாளிகள் சிலர் சீசனுக்கு எடுத்து, பம்பாயிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு ஜாஸ் கோஷ்டியைப் பதினைந்து நாளைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆரம்பித்துவிடுவார்கள். பம்பாயில் கோவாக்கார நண்பர்களோடு சுற்றி எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கு ஒருவராக எடுத்துப் பிரித்து மேய்ந்துவிட்டு, கடைசியில் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாக வந்து சேருவார்கள். நம் ஊர் நாயனக் கச்சேரியில் ராக ஆலாபனைக்கு உட்கார்ந்து பழகியவர்களுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை.

ஹாலுக்குள் விருந்தாளிகள் மட்டும்தான். எங்களைப் போன்ற வெளியாட்கள் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு தோட்டத்து பெஞ்சில் உட்காரலாம். சாரலுக்காக வராந்தாவை மூங்கில் தட்டி போட்டு மறைத்திருந்ததால் வாசிப்பவர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள். சத்தம் மட்டும் வரும்.

அது மதுவிலக்குக் காலம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பங்களாவின் பின்னறையில் பெர்மிட் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் குடிக்கிறார்கள் என்று ஊரே பேசியது. ட்ரம்பெட் ஊதுகிறவர்தான் தன் வாத்தியப் பெட்டியில் பாட்டில் கடத்துகிறார் என்றும் ஒரு வதந்தி. உண்மையோ பொய்யோ, அந்தத் தோட்டத்தில் ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்தால் நன்றாக இருக்காது. அதனால் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் நாளே எனக்கு இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஒருவர் தென்காசியில் கைலி வியாபாரம் செய்த பாய். வியாபாரத்துக்காகக் கொழும்பில் பல வருஷம் இருந்தவர், அங்கே ஹோட்டல்களில் இந்த வாத்தியங்களைக் கேட்டு ருசி கண்டவர். இன்னொருவர் கடையம் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, விறைப்பான நடை, வேட்டிக்குக் கீழே சிவப்பு பூட்ஸ். வேட்டிக்கு யாராவது பூட்ஸ் போடுவார்களா? எனக்கு அப்போதே ஒரு மாதிரிதான் இருந்தது.

கச்சேரி முடிந்ததும் மூவரும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அன்றைய வாசிப்பை அலசுவோம். பாய்க்கு டிரம்ஸ் என்றால் உயிர், மேஜையிலேயே தட்டிக் காட்டுவார். எனக்கு பியானோ. கடையத்துக்காரர் அதிகம் பேசமாட்டார். கேள்விதான் கேட்பார். எந்தப் பாட்டில் எந்த வாத்தியம் முதலில் புறப்பட்டது, எது மெதுவாக வாசித்தது, எது உச்சத்துக்குப் போனது என்று ஒன்று விடாமல் கேட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். முதல் மூன்று நாள் எனக்கு அதில் பெருமைதான். என் பேச்சையும் எழுதி வைக்க ஓர் ஆள் இருக்கிறாரே!

நான்காம் நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு அண்ணாச்சி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒன்னப் பத்தி ஒருத்தன் வெசாரிச்சிட்டுப் போறாம்லே. யாரு கூட சுத்துதான், சாயங்காலம் எங்கன போறான்னு கேக்கான். வேட்டிதான் கட்டியிருந்தான். ஆனா முடிவெட்டப் பாத்தா போலீசுன்னு எழுதி ஒட்டுன மாதிரி இருக்கு."

ஒட்ட வெட்டிய முடி, வேட்டி, சாயங்காலம் எங்கே போகிறான் என்ற கேள்வி. எல்லாம் ஓர் ஆளிடம்தான் போய் நின்றது. அன்றைக்குப் பூராவும் ஆபீஸில் தப்புத் தப்பாக டைப் அடித்துத் தலைமை குமாஸ்தாவிடம் திட்டு வாங்கினேன்.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். திடீரென்று நின்றுவிட்டால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும் என்று என் மூளை வேலை செய்தது. பஸ்ஸிலேயே பாயிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "தம்பி, எனக்கும் மொத நாளே சந்தேகம் தட்டுச்சு. நாம ரெண்டு பேரும் மெதுவாப் பேசுனா தலையச் சாச்சு ஒட்டுக் கேக்காரு, கவனிச்சியளா? பின்னாடி நின்னு கூப்பிட்டா மட்டும் காது கேக்காத மாதிரி நிக்காரு. இதெல்லாம் அவங்க பழக்கம்" என்றார்.

அதன்பிறகு அந்த மனிதர் செய்த ஒவ்வொன்றும் எனக்குப் போலீஸ் வேலையாகவே தெரிந்தது. எப்போதும் என் இடது பக்கமாகவே வந்து உட்காருவார். பேசும்போது வாயையே பார்ப்பார், பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறாராக்கும். அன்று டீக்கடையில் நோட்டைப் பிரித்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஆபீசு?" என்று கேட்டார். "ஆபீசெல்லாம் இல்ல. ஆய்க்குடில ஒரு விதைக்கடைல இருக்கேன்" என்று கூசாமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்.

"இன்னைக்கு மூணாவது பாட்டுல ட்ரம்பட்டு வாசிச்சாம்லா? மூடி போட்டு, மெதுவா?"

வாசித்தார். ட்ரம்பெட்டின் வாயில் மூடி மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டு, மெல்லிசாக, கேட்பவர் மூச்சை அடக்கிக்கொள்ளும்படி வாசித்தார். அந்தப் பதினைந்து நாளில் நான் கேட்டவற்றில் அதுதான் முதல் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் காதில் விழுந்ததெல்லாம் 'ட்ரம்பட்டு' என்ற ஒரு சொல்தான். பாட்டில் கடத்துகிற ஆளைப் பற்றித் துருவுகிறார்! ஆமாம் என்றால் நான் சாட்சியாகிவிடுவேன்.

"ட்ரம்பட்டா? இன்னைக்கு அந்த ஆளே வரல போலிருக்கு அண்ணாச்சி. சத்தமே இல்லயே" என்றேன்.

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. பாய் பக்கம் திரும்பினார். பாயும் எனக்காக, "ஆமா, வாசிக்கல" என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். போலீஸை ஏமாற்றிவிட்டோம் என்று பஸ்ஸில் நானும் பாயும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஒரு பொய் சொல்லிப் பழகிவிட்டால் பிறகு அது தானாக வருகிறது. அடுத்த ஏழு நாளும் அவர் கேட்டதற்கெல்லாம் ஏறுக்கு மாறாகவே பதில் சொன்னேன். கிளாரினெட் உச்சத்துக்குப் போனதா என்றால் இல்லவே இல்லை என்பேன். எதுவுமே வாசிக்காத இடத்தில் மணி மாதிரி ஒரு சத்தம் வந்ததே என்பேன். அறிக்கை எழுதுகிறவர் குழம்பிப் போகட்டும் என்ற எண்ணம்தான். அவர் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வந்தார். துப்பு கிடைக்காத சோர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் தோட்டத்துக்கு வரவில்லை. பாதிக் கச்சேரியில் ஒரு இடைவேளை விடுவார்கள். அப்போது டீ குடிக்கலாம் என்று நானும் பாயும் போனால் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தாராம்.

"நான் இனிமே வரமாட்டேன் தம்பி. இந்தப் பதினோரு நாளு கேட்டதெல்லாம் இதுல இருக்கு. எனக்கு இனி வேண்டாம். ஒங்களுக்குத்தான் இதுல கிறுக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லி அந்த நோட்டை என் கையில் கொடுத்தார்.

இதென்ன புதுப் பொறி என்று தோன்றியது. ஆனாலும் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கும் ஆவலில் அங்கேயே பிரித்தேன். என் பெயர் இல்லை, பாட்டில் கடத்தல் இல்லை, பின்னறை இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வாத்தியங்கள்தான் இருந்தன. இடது பக்கத்தில் 'எனக்குக் கேட்டது', வலது பக்கத்தில் 'அவர்கள் சொன்னது'. முதல் மூன்று நாள் இரண்டும் அநேகமாக ஒத்துப்போக, ஓரத்தில் சரி சரி என்று குறியிட்டிருந்தார். நான்காம் நாள் இடது பக்கத்தில், 'மூன்றாவது பாட்டு. ட்ரம்பெட், மூடி போட்டு. நன்றாகக் கேட்டது' என்று இருந்தது. வலது பக்கத்தில், 'ட்ரம்பெட்டே வாசிக்கவில்லையாம். இருவரும் சொல்கிறார்கள். காது தானாகவே சத்தம் உண்டாக்குகிறது போலும்'. அதற்குப் பிறகு எல்லாம் பெருக்கல் குறிதான்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பினார், மறுபடி கேட்டேன்.

இருபது வருஷம் பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவராம். இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதும் குறைந்துகொண்டு வருகிறது, மெல்லிய சத்தமும் உச்ச சத்தமும்தான் முதலில் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டராக வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. ஏற்றுக்கொள்ளுமளவுக்குக் காது இருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துப் பார்க்கத்தான், தெரியாத பாட்டாக, ஆள் தெரியாமல் தட்டிக்குப் பின்னால் வாசிக்கிற இந்தக் கச்சேரிக்கு வந்து, நல்ல காது உள்ள எங்களிடம் சரிபார்த்திருக்கிறார்.

"இன்னைக்குக் காலைலதான் வரமுடியாதுன்னு எழுதித் தபால்ல போட்டேன்" என்றார்.

பாய் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அப்படியே ஓடிவிடலாம் போல இருந்தது. ஓட முடியவில்லை. மெதுவாகச் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை, அவருக்குக் கேட்க வேண்டுமே. அந்த வலது காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"அன்னைக்கு ட்ரம்பட்டு வாசிச்சாரு அண்ணாச்சி! நான் சொன்னது பொய்யி!"

"என்னது?"

"பொய்யி! எல்லாமே பொய்யி! நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா! வெசாரணைக்கு வந்த போலீசுன்னு ஒங்கள நெனச்சிட்டேன்!"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் கையில் வடையோடு நின்றிருந்தார்கள். பன்னிரண்டு நாளாக எதை மறைக்கப் பாடுபட்டேனோ அதை நானே தொண்டை கிழிய அறிவித்துவிட்டேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவர் கோபப்படவில்லை. நான் கையில் வைத்திருந்த நோட்டை வாங்கி நான்காம் நாள் பக்கத்தை எடுத்தார்.

"மூணாவது பாட்டுலதான?"

"ஆமா அண்ணாச்சி."

"மூடி போட்டுத்தான?"

"மூடி போட்டுத்தான். நீங்க எழுதுனது அவ்வளவும் சரி."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு வரியாகக் கேட்டார். நானும் பாயும் மாறி மாறிக் கத்தினோம். நாலைந்து இடம் தவிர மற்றதெல்லாம் அவருக்குச் சரியாகவே கேட்டிருக்கிறது. கடைசிப் பக்கம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர் அப்போதுதான் மாறினார்.

"நீரு பொய் சொன்னது போவட்டும்வே. பயந்திருக்கேரு. நீரு சொன்னதுக்காவ என் காதையே நான் நம்பாமப் போனேன் பாரும், அதுதான் எனக்கு ஆறல."

மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கடையத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு தபாலாபீசில், அவர் வேலைக்கு வருவதாகப் பள்ளிக்கூடத்துக்குத் தந்தி கொடுத்தேன். ஆனால் அவர் முதல்நாள் போட்ட கடிதம் முந்திக்கொண்டது. பத்து நாள் கழித்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம் என்று எனக்கு ஒரு கார்டு போட்டார். திட்டி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எனக்கு விசாரணை நல்லபடியாக முடிந்தது. வந்த போலீஸ்காரர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி நல்லவன், ஒழுங்கானவன் என்று எழுதியிருந்தாராம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்து பென்ஷனும் வாங்கிவிட்டேன்.

இன்றைக்கும் கச்சேரி விட்டு வரும்போது யாராவது, "இன்னைக்கு எப்படி வாசிச்சான்?" என்று விளையாட்டாகக் கேட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஒரு பொய்யால் ஒருவர் காதையே அவரிடமிருந்து பிடுங்கிவிட முடியும் என்று தெரிந்த பிறகு, கேட்டதைக் கேட்டபடி சொல்லாமல் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடிவதில்லை.