அவள் நகர ஒரு பலகை

பிளைவுட் ஆலையில் இருபத்தாறு வருடமாகச் பலகையைச் சூட்டில் அழுத்தும் பிரஸ் ஓட்டுகிற அவருக்கு 'ஆறட்டும்' என்றுதான் பெயர். சூடு தணியுமுன் பிரஸ்ஸைத் திறக்க யார் கை நீட்டினாலும், "ஆறட்டும்பா, ஆறட்டும்" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் மனைவிக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து மூன்று மாதம். கட்டில் ஓரத்தில் அவளே எழுந்து உட்காருவாள். அங்கிருந்து சக்கர நாற்காலிக்கு ஒரு பலகைமேல் சறுக்கி நகர்வதற்கு மருத்துவமனையில் பழக்கியிருந்தார்கள். வீட்டில் அந்தப் பலகை இல்லை. அவர் தூக்க வந்தால் வலது கையால் தள்ளிவிடுவாள்.

"நான் என்ன மூட்டையா? இப்படியே கிடக்கறேன், போங்க."

கிடந்தாள். இடுப்புக்குக் கீழே சிவப்புத் தடம் விழுந்தது. படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும். இனி நாள் கடத்த முடியாது.

ஆலையிலிருந்து கொண்டுவந்து பார்த்த தடித்த பலகை தொடைக்கடியில் நுழையவில்லை. மெல்லியது நடுவில் வளைந்தது. மெல்லிசாகவும் இருக்கவேண்டும், ஆளையும் தாங்கவேண்டும். அதற்கு வழி அவர் கையிலேயே இருந்தது. மிருதுவான வெள்ளை மரத்தை ஆவியில் இளக்கி, சூட்டில் பாதித் தடிமனுக்கு அழுத்தினால், உள்ளிருக்கும் பொடி ஓட்டைகளெல்லாம் அடைபட்டு இறுகிவிடும்.

மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு பலகையை ஆவியில் இளக்கி பிரஸ்ஸுக்குள் வைத்தார். மரம் பாதியாக அடங்கியது. இனி அழுத்தத்தை விடாமல் முக்கால் மணி நேரம் ஆறவைக்க வேண்டும். அவர் கண்ணில் அந்தச் சிவப்புத் தடமே நின்றது. பத்தாவது நிமிடம் திறந்துவிட்டார்.

புஸ்ஸென்று ஆவி விட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை பழைய தடிமனுக்கு உப்பியது.

பக்கத்தில் பலகைகளுக்கு ஓரம் இழைக்கிறவள் சிரித்துவிட்டாள். "அண்ணே, உங்க பேரே உங்களுக்கு மறந்துபோச்சா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இன்னொரு பலகை எடுத்து வந்தாள். "வைங்க. மணி நான் பாத்துக்கறேன். நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

இரண்டாவது பலகை தேன் நிறத்தில் பளபளவென்று வந்தது.

வீட்டில் மனைவி அதை விரலால் தடவினாள். "என் மூஞ்சியே தெரியுதே!"

"தெரியட்டும். நல்ல மூஞ்சிதானே."

"உடைஞ்சா?"

"நான் ஏறி நின்னு பாத்துட்டேன்."

"நீங்க ஈர்க்குச்சி. உங்கள எதுவும் தாங்கும்."

"மேஸ்திரியையும் ஏத்தினேன்."

மேஸ்திரியின் தொப்பை அவளுக்குத் தெரியும். வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தாள்.

நாற்காலியை வலது பக்கம் ஒட்டிப் போட்டு, பிரேக்கை அழுத்தி, பலகையின் ஒரு முனையை அவள் தொடைக்கடியில் செருகினார். அவள் வலது கையை ஊன்றி உந்தினாள். ஒரு சாண் நகர்ந்தாள். இன்னொரு சாண். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவர் கை தானாக நீண்டது.

"கையை எடுங்க."

எடுத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பலகை துளியும் வளையவில்லை. நான்காவது உந்தலில் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சரிந்திருந்த புடவையை ஒரு கையாலேயே இழுத்துச் சரிசெய்தாள்.

"ஜன்னல் பக்கம் தள்ளுங்க. அதுக்கு நீங்க வேணும்."