நாலாவது ஆளாய் ஒரு கல்

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அதற்குப் பிறகு நம்பிராஜன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவன் யாரோடும் வாதாடியதில்லை. ஒன்றைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அன்று டார்ச் லைட்டோடு போரிவ்லி காட்டுக்குள் போன ஆட்கள் தாராவியில் இன்னும் இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அறுபத்து நாலாம் வருஷம், டிசம்பர் மாதம். சயானில் ஒரு லேத் பட்டறையில் நம்பிராஜனுக்கு வேலை, தாராவியில் வீடு. பம்பாய்க்கு வந்து பத்து வருஷம் ஆகியும் குடும்பத்தோடு அவன் எங்கும் போனதில்லை. அந்த வருஷம் முதலாளி மனசு வைத்து நாலு நாள் லீவு கொடுத்தார். உல்லாஸ்நகரில் இருந்த அக்கா சொர்ணம்மாளுக்குச் சொல்லி அனுப்பினான். புருஷன், மாமியார், பிள்ளைகள், கைக்குழந்தை என்று எல்லோரும் வருவதாகப் பதில் வந்தது. ஒரு நாள் கான்ஹேரி குகைகளுக்கு ஏறுவது, மறுநாள் துள்சி ஏரிப் பக்கம் நடப்பது என்று முடிவானது.

பட்டறையில் பக்கத்து லேத்தில் நிற்கும் ஜமால் கடையநல்லூர்க்காரன். மராத்தி தண்ணீர் பட்ட பாடு. அந்தக் காட்டையும் அறிந்தவன். உப்புத்தாளின் பின்பக்கத்தில் வழியைக் கோடு போட்டுக் கொடுத்தான். எத்தனை பேர் என்று கேட்டான். பதிமூன்று என்றதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

"உமக்கு வழி தேவையில்ல வே. கிரேன்தான் வேணும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொர்ணம்மாளின் மாமியாருக்கு முழங்கால் வாதம். நம்பிராஜனின் தகப்பனார் பிரம்மநாயகத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகள் செண்பகவல்லிக்கு ஏழு வயது. பாதி வழியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? நம்பிராஜன் ஒரு யோசனை செய்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளோட்டம் போய்ப் பார்ப்பது. வீட்டிலேயே மூத்தவரையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போவது. அவர்கள் நடந்துவிட்டால் மற்றவர்களும் நடந்துவிடுவார்கள்.

ஞாயிறு காலை மூவரும் கிளம்பி நின்றபோது அவன் மனைவி பேராச்சி வாசலை மறித்தாள்.

"மூணு பேரா இறங்காதீங்க."

செண்பகவல்லியைக் குழாயடிக்கு அனுப்பி ஒரு கல்லை எடுத்துவரச் சொன்னாள். திருநெல்வேலிப் பக்கத்தில் இது வழக்கம். மூன்று பேராய் ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது. போயே தீர வேண்டும் என்றால் ஒரு கல்லை எடுத்து, "துணைக்கு வா" என்று கூப்பிட்டுக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அது நாலாவது ஆள். சாப்பிடும்போது அதற்கும் ஒரு வாய் உண்டு. திரும்பும்போது தெருமுனையிலேயே அதை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

பிரம்மநாயகம் கல்லைக் கூப்பிட்டுத் தோள்பையில் போட்டுக்கொண்டார். நம்பிராஜன் சிரித்துக்கொண்டானே தவிர தடுக்கவில்லை. அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தான்.

மாஹிமில் ரயில் ஏறி, போரிவ்லியில் டாங்கா பிடித்து, வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குள் போய்விட்டார்கள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மாமியாரை எந்தப் பாறையில் உட்காரவைக்கலாம், கைக்குழந்தைக்கு எங்கே தூளி கட்டலாம் என்று நம்பிராஜன் ஒவ்வொன்றாய்ப் பார்த்து வைத்துக்கொண்டான். பெரியவர் மெதுவாக நடந்தாலும் நிற்காமல் நடந்தார். குகை வாசலில், பாறையைக் குடைந்து வெட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்றின் பக்கத்தில் புளியோதரையைப் பிரித்தார்கள். செண்பகவல்லி கல்லை எடுத்து ஒரு பருக்கை ஊட்டினாள். வாய் துடைத்துவிடுகிறேன் என்று தொட்டியில் முக்கினாள். கை நழுவிவிட்டது.

தொட்டி ஆழம். கல் போனது போனதுதான்.

பெரியவர் முகம் மாறியது. மகன் பேச்சை மாற்றி இருவரையும் கிளப்பினான். அப்போது மணி மூன்றரை.

இறங்குகிற வழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு தேக்கு மரம். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கற்களை யாரோ குவித்து வைத்திருந்தார்கள். பெரியவர் நின்றார்.

"நடங்க ஐயா. வெயில் சாயுது."

"நாலு பேரா வந்தோம். நாலு பேராத்தான் போகணும்ல."

புரை விழுந்த கண்ணுக்குக் குவியல் சரியாகத் தெரிந்திருக்காது. கையால் தடவி, மேலே இருந்த தட்டையான கல் ஒன்றை எடுத்தார். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"துணைக்கு வா," என்றார்.

கல் பைக்குள் விழுந்தது. காற்று நின்றது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குரங்குகளும் அடங்கின.

நம்பிராஜன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காடு என்றால் அப்படித்தான் என்று நினைத்தான். கொஞ்ச தூரம் போனதும் பெரியவர் பையைத் தோள் மாற்றினார். கனக்கிறதா என்று அவன் கேட்டான். இல்லை, இப்போது லேசாகிவிட்டது என்றார்.

கால் வலிக்கிறது என்று மலை ஏறும்போதெல்லாம் சிணுங்கிய செண்பகவல்லி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். சிணுங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவளுடைய இடது கை மட்டும் உடம்பை விட்டுச் சற்று விலகி நின்றது. விரல்கள் மடங்கியிருந்தன. எதையோ பிடித்திருப்பதுபோல... ஆனால் அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

பாதை முழுக்கத் தேக்குச் சருகு. காலை வைத்தால் சரக்கென்று சத்தம் வரும். மூன்று பேர் நடக்கும் சத்தத்தை அவன் நாள் முழுக்கக் கேட்டுப் பழகியிருந்தான். இப்போது அதில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது. சின்னக் காலின் சத்தம். வேகமாக, விட்டுவிட்டு...

நம்பிராஜன் நின்றான். பெரியவரும் நின்றார். செண்பகவல்லியும் நின்றாள்.

சரக்.

ஒரு எட்டு கழித்துத்தான் அது நின்றது.

"தண்ணி கேக்கா," என்றாள் செண்பகவல்லி.

"யாருட்டி?"

"இவ."

கூஜாவில் தண்ணீர் இல்லை. அவன் மகள் முகத்தைப் பார்க்காமல், நடங்கள் என்று மட்டும் சொன்னான்.

பாதை வளைந்தது. எதிரில் ஒரு தேக்கு மரம். அடியில் கற்குவியல்.

வழி தப்பிவிட்டது என்று நினைத்தான். ஜமால் போட்ட கோட்டைப் பிரித்துப் பார்த்து, மற்றப் பாதையில் திரும்பினான். கீழேதான் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

மறுபடியும் தேக்கு மரம். மறுபடியும் குவியல்.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இருட்டினால் சிறுத்தை நடமாடும் காடு அது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று குனிந்தான். அவளுடைய வலது பக்கம் எழுந்தது. இடது பக்கம் எழவில்லை. யாரோ கையைப் பிடித்துக் கீழே இழுப்பதுபோல அவள் சாய்ந்தாள்.

"விட மாட்டேங்கா," என்றாள்.

அவள் குரலில் பயமே இல்லை. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

பெரியவர் பைக்குள் கையை விட்டார். துழாவினார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். துண்டு விழுந்தது. சோற்றுத் தூக்கு விழுந்தது. கல் இல்லை.

அவர் முன்னால் வந்து, பேத்தியின் பக்கத்தில் மண்டியிட்டார். மங்கிய கண்ணோடு, கையால் தடவித் தடவி, அங்கே ஒரு சின்னக் கையைப் பற்றினார். பற்றியது நம்பிராஜனுக்குத் தெரிந்தது. அவருடைய விரல்கள் முழுக்க மூடவில்லை. நடுவில் ஏதோ இருந்தது...

"நான்தானே தாயி கூப்பிட்டேன். என்கூட வா."

"ஐயா..."

"பேசாத. நீங்க இப்ப ரெண்டு பேரு. கல்லு வேண்டாம். பிள்ளையத் தூக்கு. திரும்பிப் பாக்காம போ."

நம்பிராஜன் தூக்கினான். இந்த முறை அவள் உடனே வந்தாள். பஞ்சுபோல வந்தாள்.

அவன் ஓடினான்.

பின்னால் சருகு சத்தம். இரண்டு பேர் நடக்கும் சத்தம். ஒன்று பெரிய கால். ஒன்று சின்னக் கால்.

தேய்ந்தது...

தேய்ந்தது...

இல்லை.

காட்டு வாசல் எதிரிலேயே இருந்தது.

வாசல் காவலாளியிடம் சொன்னான். இருட்டிவிட்டது, தனியாக உள்ளே போக முடியாது என்றான் காவலாளி. பிள்ளையை வைத்துக்கொண்டு நம்பிராஜனாலும் போக முடியவில்லை. தாராவிக்கு ஓடி ஆட்களைத் திரட்டினான். கடைசி ரயிலில் ஜமாலும் சந்துக்காரர்களும் அவனோடு வந்தார்கள். ராத்திரி முழுக்கத் தேடினார்கள். குவியல் இருந்த இடம் அகப்படவே இல்லை. விடிந்த பிறகு, விறகு பொறுக்க வந்த ஆதிவாசிப் பெண் ஒருத்திதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

பிரம்மநாயகம் தேக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேறு காயம் எதுவும் இல்லை. மணிக்கட்டில் மட்டும் பொடிப்பொடியாய் நகக்கீறல்கள். முள் கிழித்திருக்கும் என்றார்கள்.

காட்டுக்கு வருவதாக இருந்தவர்கள் எல்லோரும் துஷ்டிக்கு வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நம்பிராஜன் ஒரு புடவை வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனான். மராத்தி பேச ஜமால் கூட வந்தான். அவள் புடவையை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் குவியலிலிருந்து யாராவது கல்லை எடுத்தீர்களா என்று கேட்டாள். அதன் அடியில் கிடப்பது எப்போதோ அந்த இடத்தில் தாகத்தில் செத்துப்போன ஒரு சிறுமியாம். அந்தச் சிறுமி எழுந்து வராமல் இருக்க, அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பது வழக்கமாம். யாரும் எடுப்பதில்லையாம்.

ஜமால் அதைச் சொல்லிவிட்டு, கிளம்பலாம் என்றான். அவள் விடவில்லை. இன்னும் ஏதோ சொன்னாள். ஜமால் அதைத் தமிழில் சொல்லாமல் நின்றான்.

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணுமில்ல வே. வாரும்."

"சொல்லும்."

ஜமால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அன்று பொழுது சாயும் நேரத்தில் அவள் பெரியவரைப் பார்த்திருக்கிறாள். காட்டுக்குள்ளே நடந்துகொண்டிருந்தாராம். கையில் ஒரு பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. பிள்ளை வர மறுத்ததாம். அவர் கையைப் பிறாண்டியதாம். வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்து, அப்பா, அப்பா என்று அழுதுகொண்டே போனதாம்.

அன்று சாயந்திரம் நம்பிராஜன் வீட்டுக்குத் திரும்பினான். பேராச்சி இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். செண்பகவல்லி எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவன் யோசித்துப் பார்த்தான். காட்டிலிருந்து வந்த பிறகு அவள் அவனை அப்பா என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

அவன் காத்திருந்தான். அவள் நிமிர்ந்து, அவனையே பார்த்தாள். சிரித்தாள்.

கூப்பிடவில்லை.