லண்டன் அண்ணனும் வெயிலில் காய்ந்த பேட்டரியும்

மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். கேட்ட என் மாமனார் பதில் வராமலேயே பெண்ணைக் கொடுத்துவிட்டார். மைக்குக்கு நாலடி தள்ளி நின்று "ஹோய்" போடும் சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

குன்றத்தூர் ரிசப்ஷன்

எனக்குக் கட்டைக் குரல். ஒரே ஒரு முழுப் பாட்டைத் தனியாகப் பாடிவிட்டால் போதும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். 91-ல் குன்றத்தூரில் ஒரு ரிசப்ஷன். கெஞ்சிக் கூத்தாடி மைக்கை வாங்கி இரண்டு வரிதான் பாடியிருப்பேன், மாப்பிள்ளையின் அத்தை மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"இன்னாப்பா, கொயந்த பயந்து அழுவுது. வேற ஆள வுடு!"

லண்டன் அண்ணன்

துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு கேசட் கொடுத்தான். காப்பி எடுத்தது, அட்டையில் படம்கூடக் கிடையாது. லண்டன்காரர் யாரோ பாடிய 'சோல்' பாட்டாம். அடிவயிற்றிலிருந்து உருகிப் பாடுவதாம். என் மனைவி வசந்தா டேப்புக்குப் புது பேட்டரி வாங்கவே விடமாட்டாள். தீர்ந்துபோனதை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவாள். அதில்தான் கேட்டேன்.

அடேயப்பா! என்னைவிடக் கட்டைக் குரல்! அதிலும் என்ன நிதானம்! இந்தக் குரலுக்கும் ஒரு ஊரில் மரியாதை இருக்கிறதே என்று சத்தியமாக அழுதுவிட்டேன். தினமும் கூடவே பாடி ஒரு பாட்டை அப்படியே தேற்றினேன். வசந்தாவுக்கும் மனசு இளகிவிட்டது.

"பாவம், அந்த ஆளுக்கு இன்னா கஷ்டமோ, இப்டி இழுத்துகினு கீறாரு."

ஆயுத பூஜை

தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆயுத பூஜைக் கச்சேரி. மெஷின் மாட்ட வந்த லண்டன் இன்ஜினீயர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விடுவேனா? எங்கள் குழுத் தலைவர் துரை மாஸ்டர் காலைப் பிடித்தேன். "பாடு. சொதப்புனா கோரஸும் கெடையாது, வூட்டுக்குப் போயிடு" என்றார்.

பாடுவதற்கு முன்னால் பாடகரின் வாழ்க்கை வரலாற்றையும் அள்ளிவிட்டேன். ஏழைக் குடும்பம், மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, அந்த மீசையைப் பார்த்தாலே கைகூப்பத் தோன்றும் என்றெல்லாம். சூப்பர்வைசர் அதை இன்ஜினீயர் காதில் மொழிபெயர்க்க, அவர் புருவம் நெற்றிக்கே ஏறிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தேன். திறந்தால் அவர் மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கண் கலங்கியிருக்கிறது. சூப்பர்வைசர்தான் விளக்கினார்.

"இவ்ளோ மெதுவா, இவ்ளோ சோகமா இந்தப் பாட்ட கேட்டதே இல்லியாம், அழுகையே வந்துடுச்சாம். ஆனா அத்தப் பாடுனது ஒரு பொம்பளையாம்!"

புது பேட்டரி

வெயிலில் காய்ந்த பேட்டரியில் கேட்டுக் கற்றதை மாஸ்டரிடம் உளறிவிட்டேன், மறுநாள் காலை அவரே புது பேட்டரியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். போட்டோம். கணீரென்று ஒரு பெண் குரல், துள்ளி ஓடுகிறது! அத்தனை நாளும் செத்த பேட்டரியில் டேப் மெதுவாகச் சுற்றி, பெண் குரலைக் கட்டைக் குரலாக்கி இழுத்த இழுப்பைத்தான் நான் பாட்டு என்று கற்றிருக்கிறேன். போச்சு, வேலை போச்சு என்று தலைகுனிந்து நின்றேன். மாஸ்டர் முழுசும் கேட்டுவிட்டு டேப்பை நிறுத்தினார்.

"அந்தம்மா பாடுறது சுமாருதான். அடுத்த வாரம் மறைமலை நகர்ல நீயே பாடு. அந்தப் பழைய பேட்டரிய மட்டும் தூக்கிப் போட்டுடாத."

யாரிடம் சங்கீதம் படித்தீர்கள் என்று இன்றைக்கும் மேடையில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு ஓட்டின்மேல் காய்ந்த நாலு பேட்டரியை எப்படி ஐயா குரு என்று கைகாட்டுவது?