கையில் ஒட்டிய மா

நான் அதிகம் படிக்காதவன். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தடியில் தனியாளாகப் பேக்கரி போட்டு ஊருக்கே பாண் கொடுத்தவன். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் மனைவிக்கு வெள்ளைப் பாணை டொக்டர் நிற்பாட்டியதும், என் அம்மா அந்தக் காலத்தில் சுட்ட ஆட்டா மாப் பாணைச் சுட்டுக்கொடுக்க இறங்கினேன். ஒவ்வொரு முறையும் கல்லாகவே வந்தது. மாவையும் அடுப்பையும் திட்டித் தீர்த்தேன்.

"கையில ஒட்ட ஒட்ட மாத் தூவுறியள். மாமி அப்பிடியே செய்தவ? ஒட்டினபடி ஊறவிடுங்கோ" என்றாள் மனைவி.

"பேக்கரிக்காரனுக்கே படிப்பிக்கிறியோ?"

"ஓம் முதலாளி, தள்ளி நில்லுங்கோ."

கூடுதலாகத் தண்ணீர் விட்டு அவள் குழைத்த மா பொங்கியது. பாண் மெதுமெதுவென்று வந்தது. வெள்ளை மாவில் பழகிய என் கைதான் பிழை என்பதை நினைக்க எரிச்சலாக இருந்தது.

"உப்புக் காணாது" என்றேன். அவள் தேங்காய்ச் சம்பலோடு இரண்டாவது துண்டை எடுத்தாள். நானும் எனக்கு இன்னொரு துண்டை வெட்டினேன்.