சுடாத தீ

ஐயாவு அண்ணன் மலையில் வேலை முடித்து ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பும்போதெல்லாம் எங்கள் லயத்து வீட்டு வரிசையே சிரிக்கும். கரவனெல்லப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிற மனிதர். மற்றச் செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியாது. அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் நாங்கள் காட்டித்தான் பார்ப்பார். மாட்டுத்தோல் என்று கேலி செய்வோம். ரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் என்று டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசையையும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

அவருக்குப் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாரியம்மன் திருவிழாவில் தீமிதிக்கு முதல் ஆளாக இறங்குவது அவர். வழக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து, தீக்குழி முடிவில் பால் ஊற்றி வைத்த பாற்குழியில் நிற்பார். தொண்ணூற்றெட்டில் மட்டும், கோயில் வீதியில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்து வந்தார்.

"கொஞ்சங்கூட சுடலப்பா. அம்மா பூவா விரிச்சுட்டா," என்றார். கண் கலங்கியிருந்தது. சனம் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். பாதத்தின் மேலேதான் தொட்டுக் கும்பிட்டோம், அடியை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு பாதத்தின் அடி வெந்துபோயிருந்தது. அவர் மனைவி இருளாயிக்குத்தான் முதலில் நாற்றம் தெரிந்தது. புண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்.

"அம்மா காப்பாத்துன காலைக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டவா? சனம் என்னா சொல்லும்?"

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். வலியே இல்லாத புண்ணுக்கு அவர் ஏன் பயப்படப் போகிறார்.

ஒருநாள் காலை வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை வீங்கி, தோல் கறுத்து, கொப்புளங்களிலிருந்து நீர் வடிந்தது. தோட்டத்து லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். சதை அழுகிக்கொண்டே மேலே ஏறுகிறது, காலை எடுத்தால்தான் உயிர் என்றார் டாக்டர். தீயில் இறங்குவதற்கு முன்பே சீனி வருத்தத்தால் இந்தக் கால் மரத்துப் போயிருக்கிறது என்றும் சொன்னார். சொன்னது சிங்களத்தில். அப்போது நினைவு தெளிந்திருந்த அண்ணனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்.

அடுத்த திருவிழா வந்தது. தப்பு மேளச் சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. எனக்குத் தீக்குழிப் பக்கம் போக மனம் வரவில்லை, அவரோடு உட்கார்ந்திருந்தேன். பாயில் கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, இல்லாத காலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"எரியுது புள்ள. பாதம் எரியுது. தண்ணி ஊத்து."

இருளாயி செம்பை எடுத்து வந்து, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் பாயில் ஊற்றினார். தினமும் செய்கிற வேலை போலச் செய்தார்.

எரிச்சல் அடங்க நேரமாயிற்று. பிறகு அண்ணன் கோயில் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கே சுட்டிருக்கலாம்ல தம்பி அவ," என்றார்.