வேலிமரத்து வேரின் வயது

பாலவனத்தம் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மேடு இருந்தது. மழை பெய்து ஓய்ந்தால் அதில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் தலைகாட்டும். நான் அருப்புக்கோட்டையில் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். முறைப்படி அனுமதி வாங்கி, எங்கள் குழு அந்த மேட்டில் ஒரே ஒரு குழி வெட்டியது. அடியில் ஓடுகள், அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு வெறும் மண், அதற்கும் மேலே மறுபடி ஓடுகள். இருந்தவர்கள் போயிருக்கிறார்கள், பிறகு யாரோ வந்திருக்கிறார்கள். இடையில் எவ்வளவு காலம்? திருச்சுழிப் பக்கம் என் சொந்த ஊரில், எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. காலியான ஊர் மறுபடி நிரம்ப எத்தனை தலைமுறை ஆகும் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கரி சொல்லும் என்று நம்பினேன். எரிந்த மரத்தில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்தால், அந்த மரம் உயிரோடிருந்த காலம் தெரியும். இரண்டு ஓட்டு அடுக்கிலும் கிடந்த கரியில் அடுக்குக்கு ஒரு துண்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

மேடு, பருத்தி போடும் ஒரு சம்சாரியின் பட்டா நிலம். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சில், அதை மட்டம் தட்டிப் பிளாட் போட இருந்தார். வயது தெரிந்தால் அரசாங்கத்தில் சொல்லி மேட்டைக் காப்பாற்றலாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டேன்.

“ரிசல்ட் வரட்டும் டீச்சர். அதுவரைக்கும் மண்ணத் தொட மாட்டேன்.”

புரோக்கர்கள் நச்சரித்தும் சொன்ன சொல்லில் நின்றார்.

ரிசல்ட் வந்தது. மேல் அடுக்குக் கரி பல நூற்றாண்டு பழசாம். அடி அடுக்குக் கரி அணுகுண்டு வெடித்த காலத்துக்கும் பிந்தியதாம், நூறு வருஷம்கூட ஆகாதது. கிழவிக்கு முன்னால் பேத்தி பிறந்த கணக்கு. அடுக்கு கலைந்த குழி என்று இனி இதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

அவரிடம் மறைக்காமல் சொன்னேன். குழியோரம் கூட்டிப்போய்க் கைகாட்டினார்.

“இங்கன ஒரு வேலிமரம் நின்னுச்சு டீச்சர். வெட்டுன தூரு திரும்பத் துளுக்கக் கூடாதுன்னு தீய வச்சேன். நாக்கணக்கா உள்ளுக்குள்ளயே பொகஞ்சுச்சு.”

சீமைக்கருவேலத்தைத்தான் இங்கே வேலிமரம் என்பார்கள். அதன் வேர் வழியாகத் தீ இறங்கி, அடி அடுக்குக்குள் கரியாகியிருக்கிறது. நான் அதை அடுப்புக் கரி என்று கும்பிடாத குறையாக எடுத்து வந்திருக்கிறேன். இன்னொரு குழிக்கு அனுமதி கேட்டேன். பதில் வரவில்லை. அவரை இன்னும் பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜேசிபி வந்த அன்று நானும் போனேன், சாவு வீட்டுக்குப் போவதுபோல. வேலிமரமே இல்லாத மறுபக்கத்தில் முதல் வாளி மண்ணை அள்ளியதும், வெட்டுவாயில் அடி அடுக்கு பளிச்சென்று தெரிந்தது. மூன்று கல், நடுவில் கருகருவென்று கரி, கருகிய தானியம். வேர் ஒன்றுகூட அதன் பக்கம் போயிருக்கவில்லை. நான் கத்துவதற்குள் அடுத்த வாளி அதை வாரி லாரியில் கொட்டிவிட்டது.

சம்சாரி உடனே வண்டியை நிறுத்தச் சொன்னார். லாரியில் ஏறித் துழாவினேன். மேல் ஓடு, அடி ஓடு, கேரி பேக், வேலிமரத்து முள், கரி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்தில் ஏறி வந்து, பெரிய துண்டாகப் பொறுக்கி என் கையில் வைத்தார்.

“இதக் குடுத்துப் பாருங்க டீச்சர். இது நெசமாவே பழசா இருக்கும்.”

இருக்கலாம். வாங்கிக்கொண்டேன். எந்த அடுக்கில் கிடந்தது என்று ஆய்வகத்தில் கேட்பார்கள். லாரியில் கிடந்தது என்று சொல்ல வேண்டும்.