மாமாவின் சொம்புக் குளியல்

என் மாமா கிணற்றில் இறங்கிக் குளித்து யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் நாங்கள் குதித்துக் கும்மாளம் போட, அவர் மட்டும் படியில் உட்கார்ந்து சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக்கொள்வார். கேட்டால், "தலையில நீர் கோத்துக்கும்" என்பார். அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடுதான் இருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம், என் காலில் பாம்பு கடித்துவிட்டது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து போளூர் ஆஸ்பத்திரிக்குப் போக, காட்டாற்றைத் தாண்டித்தான் பஸ் பிடிக்க வேண்டும். ஆறோ விடாத மழையில் பாறைகளுக்கு நடுவே நுரை கக்கிக்கொண்டு ஓடியது. சந்தைக்குப் போன அப்பா திரும்பவில்லை. என் கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. அம்மா அழக்கூட மறந்து நின்றாள்.

புளி மூட்டைகளை அக்கரை சேர்க்க வைத்திருந்த லாரி டியூபை மாமா உருட்டிக்கொண்டு வந்தார். இருந்த ஒரே கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் புங்கமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அம்மா கையில் கொடுத்தார். கன்றுக்குட்டி மாதிரி கட்டிவிட்டாரே என்று எனக்கு மகா கோபம்.

"உனுக்குக் கயிறுடா? தண்ணியில நீ எப்பிடிடா..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"கம்முனு இருக்கா. புள்ள பயந்துக்கும்" என்றார் மாமா.

என்னை டியூபில் போட்டு, தானும் தொற்றிக்கொண்டு, மூங்கில் கழியால் பாறைக்குப் பாறை ஊன்றித் தள்ளினார். நடு ஆற்றில் தண்ணீர் எங்களைச் சுழற்றி ஒரு பாறையில் மோதியது. கழி போயிற்று. மாமாவும் போனார். டியூபைப் பிடித்த ஒரு கை மட்டும்தான் தெரிந்தது. நான் கத்தினேன். தண்ணீர் குடித்து, இருமி, மேலே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா கயிற்றை விட்டு விட்டுக் கொடுக்க, வெகுதூரம் கீழே ஒரு மரத்தின் வேரைப் பிடித்து அக்கரை ஏறினோம். நனைந்து இறுகிய என் இடுப்பு முடிச்சை மாமாவால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். பிறகு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஊசி போட்டார்கள், பிழைத்தேன்.

அடுத்த கோடையில் கிணற்றுக்குள்ளிருந்து நான் கத்தினேன்: "ஆத்தையே தாண்டின ஆளு, கெணத்துல குதி மாமா!"

படியில் உட்கார்ந்து சொம்பைச் சாய்த்தபடியே, "தலையில நீர் கோத்துக்கும் பாப்பா" என்றார்.

போயும் போயும் ஒரு ஜலதோஷத்துக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.